கம்பைல் செய்யட்டுமா, ரெப்போவில் இருப்பதோடு நிற்கட்டுமா?

மாங்குளம்_வாசிகசாலை:

வணக்கம் உறவுகளே. மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் போகும் ரோட்டில் ஒரு ஊர் வாசிகசாலை. பின்னேரங்களில் நான் அங்கே உதவிக்கு நிற்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டொப்: பழைய ஐ3, 4 ஜிபி ராம், உபுண்டு 22.04.

ஒரு வருடமாக ஊர்ச் சனத்திடம் பழைய அச்சுப் பிரதிகளை இரவல் வாங்கி ஸ்கேன் செய்கிறோம். பாடசாலை மலர்கள், கோவில் மலர்கள், அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுகள் (இறந்தவரின் நினைவுப் புத்தகங்கள்). 2009இல் வீடும் வீட்டில் இருந்த புத்தகங்களும் போனவர்கள்தான் இங்கே அதிகம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் சொந்தக்காரரின் அலுமாரியில் கிடந்த பிரதிகள்தான் இப்போது திரும்பி வருகின்றன. தகப்பனின் கல்வெட்டைக் கொண்டுவந்து தந்த ஒரு அம்மா, "இதுக்குள்ள எங்கட பெரியப்பான்ர பேரும் இருக்குது தம்பி, தேடினா வருமோ?" என்று கேட்டார். வர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

ஸ்கேன் செய்த பக்கங்கள் 1,140. படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் மூலம் எழுத்தாக்குகிறோம். உபுண்டுவின் பொதிக் களஞ்சியமான ரெப்போவில் இருந்து, பொதி போடும் ஆப்ட் மூலம் வருவது அதன் 4.1.1 பதிப்பு. துணைக்காலை அது 'ர' என்று எடுத்துவிடுகிறது. 'நாகம்மா' என்று தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் உள்ளே 'நரகம்மர' என்று கிடக்கிறது.

போன கிழமை ஊருக்கு வந்த ஒரு தம்பி, ரெப்போவில் இருப்பது பழசு, 5ஐ சோர்ஸில் (மூல நிரலில்) இருந்து நாங்களே கம்பைல் செய்தால் (கட்டினால்) சரியாகிவிடும் என்றார். டெசராக்ட் 5.0 வந்தது 2021 நவம்பரில். உபுண்டு 22.04 வந்தது 2022 ஏப்ரலில். அப்படியிருந்தும் ரெப்போவில் 4தான் இருக்கிறது. ஆகவே அவர் சொல்வதில் ஞாயம் இருப்பது போலப் படுகிறது.

என் பயம் வேறு. நான் வராத நாளில் இந்தக் கணினியைப் பார்ப்பது ஏ/எல் படிக்கும் ஒரு தங்கச்சி. ஏதாவது உடைந்தால் அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது. எதை ஆப்டிடம் விடுவது, எதைக் கையால் கட்டுவது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


அறிவியல்நகர்_பெடியன்:

கம்பைல் செய்யுங்கள் அண்ணா, பயப்பட ஒன்றும் இல்லை. படங்களைக் கையாளும் லெப்டோனிகாவின் டெவ் பொதியையும் கம்பைலரையும் ஆப்டில் எடுங்கள். பிறகு ஆட்டோஜென், கொன்ஃபிகர், மேக், சூடோ மேக் இன்ஸ்டோல், கடைசியாக எல்டிகொன்ஃபிக் (புதிய லைப்ரரி எங்கே என்று கணினிக்குச் சொல்வது). அவ்வளவுதான். கொன்ஃபிகர் செய்யும்போது கம்பைலர் கொடியில் 'மார்ச் நேட்டிவ்' போட்டால் உங்கள் ப்ரொசெஸருக்கு என்றே கட்டப்படும், வேகமும் கூடும்.

நான் லினக்ஸ் படித்ததே இப்படித்தான். எங்கள் விடுதியில் ஒரு அண்ணா, எல்லாவற்றையும் சோர்ஸில் இருந்தே கட்டும் ஜென்டூ லினக்ஸைப் போட்டுக் காட்டினார். ஒரு மென்பொருளுக்குள் எது எதில் தங்கி நிற்கிறது என்று ஆப்ட் எங்களுக்குச் சொல்லித் தராது, மறைத்துவிடும். கொன்ஃபிகர் ஒவ்வொரு முறையும் 'இது இல்லை, அது இல்லை' என்று நிற்கும்போதுதான் விளங்கும்.


பாலைமர_நிழல்:

புதுக்குடியிருப்பில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். தம்பி சொல்வது படிக்கிறவனுக்குச் சரி. பத்துப் பேர் பாவிக்கும் கணினிக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

போன மாரியில் ஒரு லாப்டொப் கடைக்கு வந்தது. இதே 22.04தான். பிழை என்னவென்றால் டெர்மினல் திறக்காது. ஐகானை அழுத்தினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும், வேறு எதுவும் வராது. அப்டேட்டும் போகாது. கொண்டுவந்தவர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்திருந்தார்.

கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய் ஆப்ட் அப்டேட் கொடுத்தேன். 'ஆப்ட்_பிகேஜி என்ற மொடியூல் இல்லை' என்றது. அதிலேயே விசயம் பிடிபட்டது. யாரோ பைதான் 3.11ஐக் கம்பைல் செய்திருக்கிறார்கள். அதில் பிழை இல்லை. ஆனால் கணினியின் 'பைதான்3' என்ற பெயரையும் அந்தப் புதியதின் பக்கம் திருப்பிவிட்டார்கள். 22.04இன் சொந்தப் பைதான் 3.10. ஆப்டுக்குத் தேவையான அந்த மொடியூல் 3.10க்கு என்றே கட்டப்பட்டது. உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவிடுவதே ஒரு பைதான் துண்டுதான். அதனால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிட்டன. லிங்கை 3.10க்குத் திருப்பி வைத்தேன், எழும்பிவிட்டது. அந்தப் பிள்ளை 'மேக் இன்ஸ்டோல்' என்பதற்குப் பதில் 'மேக் ஆல்ட்இன்ஸ்டோல்' கொடுத்து, புதியதை 3.11 என்ற பெயரோடு தனியே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. உபுண்டுவின் தாயான டெபியனின் 12ஆம் பதிப்பு வந்த 2023இல் இருந்து, கணினியின் சொந்தப் பைதானுக்குள், பைதான் பொதிகளைப் போடும் பிப் மூலம் ஏதாவது போடப் போனாலே 'இது வெளியில் இருந்து பராமரிக்கப்படுகிறது' என்று மறித்துவிடுகிறார்கள். நல்ல வேலை.

ஆகவே என் கணக்கு இது. /யூசர்/பின், /யூசர்/லிப் இரண்டும் ஆப்டின் காணி. அதற்குள் கை வைக்கக் கூடாது. நாங்கள் கட்டுவது /யூசர்/லோக்கலுக்குள் அல்லது /ஆப்ட்டுக்குள் இருக்க வேண்டும். (இந்த 'ஆப்ட்' கோப்புறை, பொதி போடும் ஆப்ட் அல்ல. ஒலி ஒன்று, ஆங்கில எழுத்து வேறு.) அந்த எல்லை எங்கள் வசதிக்கென்றே விடப்பட்டது.


நெடுங்கேணி_டீச்சர்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பாடசாலையிலும் உபுண்டு இருக்கிறது. கம்பைல் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், ஆப்டில் எடுப்பதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம்?


குளக்கட்டு:

டீச்சர், சோர்ஸ் கோட் என்பது நெல். கணினி நெல்லைச் சாப்பிடாது, அரிசியாக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வேலைதான் கம்பைல். ரெப்போவில் இருப்பது மில்லில் குத்தி, என்ன இனம், எந்த மில், எப்போது குத்தியது என்று எழுதி, வாயைத் தைத்து முத்திரை வைத்த மூட்டை. முத்திரை உடைந்திருந்தால் ஆப்ட் வாங்காது. நாங்களே கம்பைல் செய்தால் எங்கள் வீட்டு உரல். அரிசி நல்லதாகவே இருக்கலாம், ஆனால் மூட்டையில் ஒன்றும் எழுதியிருக்காது.

இனி வாசிகசாலைத் தம்பிக்கு. பாலைமரம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பாதுகாப்பைப் பற்றி இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ரெப்போ என்றால் பாதுகாப்பு' என்று கண்ணை மூடிக்கொள்வதும் சரியில்லை.

2006இல் டெபியன்காரர், இணைய இணைப்புகளைப் பூட்டும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். அதனால் சாவி உருவாக்கும் எழுமாற்று எண்கள் எழுமாற்றாக இல்லாமல் போய்விட்டன. ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான் மிஞ்சின. 2008 மே மாதம்தான் கண்டுபிடித்தார்கள். உபுண்டுவும் அதே பொதியை எடுத்ததால் அதற்கும் அதே கதி. மூலச் சோர்ஸை எடுத்துத் தாங்களே கம்பைல் செய்தவர்களுக்கு அந்தப் பிழை வரவே இல்லை.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட், அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு பாதுகாப்பு ஓட்டை. இம்முறை பிழை மூலச் சோர்ஸிலேயே இருந்தது. நான் அப்போது வவுனியாவில் ஒரு அலுவலகத்தில் மூன்று சேர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டில் ஆப்ட் அப்கிரேட் கொடுத்து, சேவைகளை ரீஸ்டார்ட் செய்தேன், முடிந்தது. மூன்றாவதில் எனக்கு முன் இருந்தவர் வெப் சேர்வரை ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு சேர்த்துக் கையால் கட்டி வைத்திருந்தார். சோர்ஸ் கோப்புறை அழிக்கப்பட்டிருந்தது. எந்தத் தெரிவுகளோடு கட்டினார் என்று ஒரு துண்டில்கூட எழுதவில்லை. ஆப்ட் 'எல்லாம் புதியது' என்றது, ஏனென்றால் அதற்குத் தெரிந்த ஓப்பன்எஸ்எஸ்எல் புதியதுதான். ஓடிக்கொண்டிருந்தது மற்றது. அன்றிரவு விடியும்வரை இருந்து திரும்பக் கட்டினேன்.

2024 மார்ச் 29இல் வெளிவந்த, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விசயமும் தெரிந்திருக்கும். 5.6.0, 5.6.1 இரண்டிலும் கள்ளக் கதவு. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை செக்கன் பிந்துகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தோண்டிப் பார்த்ததால்தான் அகப்பட்டது. அந்தக் கதவைத் திறந்துவிடும் துண்டு, எல்லாரும் பார்க்கும் 'கிட்' சோர்ஸ் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் மட்டும் இருந்தது. டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளில் இருந்தது அதைவிடப் பழைய பதிப்பு, அதனால் அது தப்பியது. 'ரெப்போவில் இருப்பது பழசு' என்று குறை சொல்லும்போது இதையும் நினைத்துப் பாருங்கள்.


மாங்குளம்_வாசிகசாலை:

எல்லாருக்கும் நன்றி. அறிவியல்நகர்த் தம்பியின் பதிலை மட்டும் பார்த்துவிட்டு, மற்றப் பதில்களைப் பார்க்கும் முன்னரே நேற்றுப் பின்னேரம் கம்பைல் செய்யத் தொடங்கிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவர் சொன்ன ஒழுங்கில்தான் போனேன். மேக் ஜே4 கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மவுஸ் அசையவில்லை, பிறகு 'கில்ட்' என்ற சொல்லோடு கம்பைலர் நின்றது. ராம் போதவில்லை. ஒவ்வொரு சி++ கோப்புக்கும் ஒரு கம்பைலர், நான்கும் ஒன்றாக ஓட 4 ஜிபி எங்கே காணும்? பிரவுசரை மூடிவிட்டு ஜே1 கொடுத்தேன். மெதுவாகப் போனது.

முக்கால்வாசி போயிருக்கும், கரண்ட் நின்றுவிட்டது. யூபிஎஸ் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் வந்தபிறகு மேக் கொடுத்தால், முடித்த கோப்புகளை விட்டு மிச்சத்தில் இருந்துதான் தொடங்கும் என்பது நல்ல விசயம். ஆனால் கடைசியில் இணைக்கும் இடத்தில் 'கோப்பு அரைகுறையாக இருக்கிறது' என்று நின்றது. பார்த்தால் ஒரு டொட் ஓ கோப்பு சைஃபர் பைட். கரண்ட் போன நேரம் எழுதிக்கொண்டிருந்தது அதுதான். இருக்கிறதே என்று மேக் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அதை அழித்துவிட்டுத் திரும்பக் கொடுக்க, முடிந்தது.

இன்ஸ்டோல் செய்து ஓட்டினால் 'லிப்டெசராக்ட் இல்லை' என்றது. எல்டிகொன்ஃபிக் மறந்துவிட்டேன். அதையும் கொடுத்தேன். பிறகு 'தமிழ்த் தரவுக் கோப்பு இல்லை' என்றது. ஆப்டில் தமிழைப் போட்டிருக்கிறேனே என்று குழம்பிப்போனேன். ஆப்ட் அதை /யூசர்/ஷேருக்குள் வைத்திருக்கிறது, நான் கட்டிய டெசராக்ட் /யூசர்/லோக்கல்/ஷேருக்குள் தேடுகிறது.

பாதையைக் காட்டிக்கொடுத்து ஓட்டினேன். அந்த அம்மா தந்த கல்வெட்டின் மூன்றாம் பக்கம். 'நரகம்மர' அப்படியேதான் வந்தது.


அறிவியல்நகர்_பெடியன்:

அண்ணா, அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு இரவு இருந்து பார்த்தேன். நான் முதல் சொன்னதில் இரண்டு பிழை.

முதலாவது, மார்ச் நேட்டிவ். டெசராக்ட் ஓடத் தொடங்கும்போதே ப்ரொசெஸரில் ஏவிஎக்ஸ்2, எஸ்எஸ்இ என்ற வேகக் கட்டளைகள் இருக்கின்றனவா என்று தானே பார்த்து, அதற்கான துண்டைப் பாவிக்கிறது. ஆப்டில் வரும் பொதியிலும் அது உண்டு. ஆகவே அதற்காகக் கம்பைல் செய்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வேகம் வேண்டுமென்றால் 'ஓஎம்பி த்ரெட் லிமிட்' என்ற மாறியை 1 ஆக்கிவிட்டு, இரண்டு மூன்று பக்கங்களை ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட்டுங்கள். ஒரு பக்கத்தை நான்கு த்ரெட் பங்குபோடுவதைவிட இது நல்லது.

இரண்டாவதுதான் முக்கியம். எழுத்தை வாசிப்பது நிரல் அல்ல, அந்தத் தமிழ்த் தரவுக் கோப்பு. டெசராக்ட்காரர் அதை 'ஃபாஸ்ட்', 'பெஸ்ட்' என்று வெவ்வேறாக வெளியிடுகிறார்கள். ஆப்டில் வருவது ஃபாஸ்ட். நீங்கள் 4இல் இருந்து 5க்குப் போனாலும் வாசித்தது அதே ஃபாஸ்ட் கோப்பைத்தான். பெஸ்ட் கோப்பை மட்டும் இறக்கி, உங்கள் ஹோமுக்குள் ஒரு கோப்புறையில் வைத்து, டெஸ்டேட்டா டிர் என்ற தெரிவால் அதைக் காட்டுங்கள். ஆப்டின் 4.1.1க்கே அது போதும். சூடோகூடத் தேவையில்லை. ஓடுவது மெதுவாக இருக்கும்.

உங்களை ஒரு இரவு அலைய விட்டதற்கு மன்னிக்கவும்.


பாலைமர_நிழல்:

தம்பி, தேடிப்பார்த்துச் சொன்னீர்களே, அது பெரிய விசயம்.

வாசிகசாலைத் தம்பி, கட்டிய 5ஐ இப்போதே கழற்றுங்கள், பில்ட் கோப்புறை இருக்கும்போதே. அதற்குள் நின்று சூடோ மேக் அன்இன்ஸ்டோல் கொடுத்தால் போட்ட கோப்புகளை எடுத்துவிடும். பிறகு ஒருதரம் எல்டிகொன்ஃபிக். கோப்புறையை அழித்துவிட்டீர்கள் என்றால் /யூசர்/லோக்கலுக்குள் ஒவ்வொன்றாகத் தேட வேண்டி வரும். விட்டுவைத்தால் வேறு கரைச்சல்: கட்டளைகளைத் தேடும் வரிசையான 'பாத்'தில் /யூசர்/லோக்கல்/பின் முன்னுக்கு நிற்கும், டெசராக்ட் என்று அடித்தால் எப்போதும் உங்கள் 5தான் ஓடும், ஆப்டின் 4ஐத் திருத்தித் திருத்தி ஒரு பயனும் இராது.

இனி எதையாவது கட்டத்தான் வேண்டுமென்றால் மேக் இன்ஸ்டோலுக்குப் பதில் செக்இன்ஸ்டோல் கொடுங்கள். போடும் கோப்புகளைப் பார்த்து ஒரு டெப் பொதியாக்கித் தரும். அந்தப் பெயரைச் சொல்லி ஆப்டாலேயே கழற்றலாம், தங்கச்சியும் ஆப்ட் பட்டியலில் பார்த்துக்கொள்வாள். எல்லா மென்பொருளுக்கும் அது ஒழுங்காக வராது. வராதவற்றை கொன்ஃபிகரில் ப்ரிஃபிக்ஸ் கொடுத்து /ஆப்ட்டுக்குள் பெயரும் பதிப்பும் போட்ட தனிக் கோப்புறையில் வைப்பேன். கழற்றுவது என்றால் அந்தக் கோப்புறையை அழிப்பது, அவ்வளவுதான்.

டேட்டாவைப் பற்றியும் ஒரு சொல். இரவு டேட்டாவில்தான் எங்களில் பலர் அப்டேட் எடுக்கிறோம். கடையில் ஒரு பழைய கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி போட்டு வைத்திருக்கிறேன். ஒருமுறை இறங்கிய பொதியை அடுத்த கணினிக்கு அதுவே கொடுக்கும். இணைப்பே இல்லாத இடத்துக்கு ஆப்ட்-ஆஃப்லைன். அங்குள்ள கணினியில் என்ன தேவை என்று ஒரு கோப்பு எடுத்து, பென்டிரைவில் கொண்டுவந்து, கடையில் இறக்கி, திரும்பக் கொண்டுபோய்ப் போடுவேன். முள்ளியவளைப் பக்கம் இரண்டு இடத்துக்கு இப்படித்தான் செய்கிறேன். கையால் கம்பைல் செய்தவற்றுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.


குளக்கட்டு:

டெசராக்ட் 5ஏ வேண்டுமென்றாலும் கம்பைல் கடைசி வழி. உபுண்டு 24.04இன் ரெப்போவில் 5.3.4 இருக்கிறது. 4 ஜிபி ராமுக்கு அதன் க்னோம் திரை பாரம் என்றால், உபுண்டுவின் இலகுவான வகையான சுபுண்டு போடலாம். ஒரு மென்பொருளுக்காகக் கட்டுவதற்கு முன், அடுத்த வெளியீட்டில் அது வந்துவிட்டதா என்று பார்ப்பது என் பழக்கம்.


மாங்குளம்_வாசிகசாலை:

பத்து நாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைப்பதில் இருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம்.

5ஐக் கழற்றிவிட்டேன். ஆப்டின் 4.1.1, பெஸ்ட் கோப்பு. கல்வெட்டின் மூன்றாம் பக்கத்தில் 'நாகம்மா' என்றே வந்தது. தங்கச்சிதான் முதலில் கண்டாள். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, அவருடைய பெரியப்பாவின் பெயரை அவரையே தட்டச்சு செய்ய வைத்தோம். ஏழாம் பக்கத்தில் மஞ்சளாக மின்னியது.

ஆனால் 1960கள், 70களில் அச்சடித்த மலர்களில் இன்னும் ஒரு சிக்கல். 'லை', 'னை', 'ணை' எல்லாம் பழைய யானைத்தும்பிக்கைக் கொம்போடு இருக்கின்றன. 'றா', 'னா' எல்லாம் கூட்டெழுத்து. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்தைச் சீர்திருத்திய பிறகும் எங்கள் பக்க அச்சகங்களில் பழைய அச்சு கன காலம் இருந்தது. பெஸ்ட் கோப்பும் அந்த இடத்தில் தடுமாறுகிறது. இதற்கு என்ன செய்யலாம்?


அறிவியல்நகர்_பெடியன்:

அண்ணா, அதற்குப் பயிற்சி கொடுக்கலாம். பழைய 'லை'யும் புதிய 'லை'யும் யூனிகோடில் ஒன்றே, வடிவம்தான் வேறு. ஆகவே வரி வரியாக வெட்டிய படமும் அதற்கு நேரே சரியான எழுத்தும் சோடி சோடியாகக் கொடுத்தால் பெஸ்ட் கோப்பின் மேலேயே பழக்கலாம். ஃபாஸ்ட் கோப்பில் இது முடியாது. பயிற்சிக்கான கருவிகள் ஆப்டின் டெசராக்ட் பொதிக்குள்ளேயே இருக்கின்றன, இதற்கும் கம்பைல் தேவையில்லை. சனிக்கிழமை நானும் இரண்டு பேரும் பஸ்ஸில் வருகிறோம். பயிற்சியை எங்கள் லாப்டொப்பில் ஓட்டலாம். வரிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும், பழைய எழுத்து தெரிந்த பெரியவர்கள் இருந்தால் சரியான உதவி.


நெடுங்கேணி_டீச்சர்:

என்னால் தட்டச்சு செய்ய முடியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய கை, ஆனால் இப்போது யூனிகோடும் ஓடும். பழைய எழுத்தில்தான் நான் அரிச்சுவடி படித்தேன்.


பாலைமர_நிழல்:

சனிக்கிழமை நானும் வருகிறேன், யூபிஎஸ்ஸுக்கு ஒரு பற்றரி கொண்டு. போன முறை வைஃபை டொங்கிள் அடிக்கடி விடுகிறது என்றும் போனில் சொன்னீர்கள். அதன் சிப் எது என்று எல்எஸ்யூஎஸ்பி கொடுத்துப் பார்த்து வையுங்கள். சில ரியல்டெக் சிப்களுக்கு 6.2 பதிப்பில் இருந்து லினக்ஸின் கருவான கெர்னலிலேயே ட்ரைவர் உண்டு, 22.04க்குப் புதிய கெர்னலை ஆப்டிலேயே எடுக்கலாம். அதில் இல்லையென்றால் கம்பைல் செய்தே ஆக வேண்டும். அப்போதும் வெறுமனே கட்டினால் அடுத்த கெர்னல் அப்டேட்டோடு இணைப்பு போய்விடும். டிகேஎம்எஸ்ஸில் பதிந்து வைத்தால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே திரும்பக் கட்டிக்கொள்ளும். கெர்னல் ஹெடர்ஸ் பொதி மட்டும் கூடவே இருக்க வேண்டும்.


மாங்குளம்_வாசிகசாலை:

பார்த்தேன் அண்ணா. எங்கள் டொங்கிளின் சிப் புதிய கெர்னலிலும் இல்லை, டிகேஎம்எஸ்தான். சனிக்கிழமை டீச்சருக்கு மாங்குளம் சந்தியில் இருந்து ஓட்டோ ஒழுங்கு செய்கிறேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

மொனிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொப்பித்தாள் ஒட்டியிருக்கிறோம். தங்கச்சியின் கையெழுத்து. 'ஆப்டில் இல்லாதவை' என்று தலைப்பு. கீழே இரண்டு வரி: பெஸ்ட் தமிழ்க் கோப்பு, இருக்கும் கோப்புறை, இறக்கிய திகதி. வைஃபை ட்ரைவர், டிகேஎம்எஸ், சனிக்கிழமை. மிச்சத் தாள் வெறுமையாக இருக்கிறது.